பீலித் தண்ணீரும் பெட்டரித் தீயும்

மலையகத்தில் ஒரு லயம் எரிந்தால் மறுநாள் வரும் செய்தியைப் பார்க்காமலே எழுதிவிடலாம். இத்தனை வீடுகள் முற்றாகச் சேதம், இத்தனை குடும்பங்கள் தற்காலிகமாகத் தோட்டப் பாடசாலையில், உடுத்த துணி தவிர எதுவும் மிஞ்சவில்லை, பொலிஸார் விசாரணை. கடைசியில் ஒரு வரி: மின் ஒழுக்கே காரணமாக இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படுகிறது. பண்டாரவளையோ பசறையோ ஹப்புத்தளையோ, அந்தக் கடைசி வரி மட்டும் வருடக்கணக்காக மாறவேயில்லை. எந்தப் பிளக்கில் ஒழுக்கு, அதில் என்ன கொளுவியிருந்தது, எத்தனை மணிக்குக் கொளுவியது என்று சாம்பலைக் கிளறிப் பார்க்கும் வழக்கம் நமக்கில்லை. நிவாரணப் பொதி வரும், தகரம் வரும், தலைவர்கள் வருவார்கள். காரணம் மட்டும் சாம்பலோடு கூட்டி அள்ளப்பட்டுவிடும்.

செய்தி மாறாவிட்டாலும் லயத்துக்குள் இருக்கும் சாமான்கள் மாறிவிட்டன. முன்பெல்லாம் ஒரு காம்பராவில் இரவு நேரத்தில் நெருப்புக்குப் பயப்பட வேண்டியவை அடுப்பும், குப்பி லாம்பும், சாமித்தட்டு விளக்குந்தான். இன்று பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் மூன்று நான்கு போன்கள், ஒரு பவர் பேங்க், சார்ஜ் டோர்ச், கரண்ட் போனால் தானாக எரியும் லாம்பு, பையனின் புளூடூத் ஸ்பீக்கர், திருவிழாக் கடையில் வாங்கிய விளையாட்டுக் கார் எல்லாம் இருக்கின்றன. சில தோட்டங்களில் கொழுந்து வெட்டும் பெட்டரி இயந்திரமும் வந்துவிட்டது. ஒரே பிளக் பொயின்ட், அதிலிருந்து கிளை விட்ட மல்டி பிளக், அதிலிருந்து தொங்கும் வயர்கள். இவற்றில் பெரும்பாலானவற்றின் வயிற்றுக்குள் இருப்பது லித்தியம்.

இந்த மாற்றத்துக்கு ஒரு தேதி சொல்ல வேண்டுமென்றால் 2022ஐச் சொல்லலாம். அந்த வருடம் மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்சாரம் வெட்டப்பட்டது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்குத் தாவியது. குப்பி லாம்புக்கு எண்ணெய் ஊற்றக் கட்டுப்படியாகாத வீடுகள் சார்ஜ் லாம்புக்குத் திரும்பின. அது நல்லதே. இலங்கையில் குப்பி லாம்பு சரிந்து தீப்பற்றி வெந்தவர்களின் கதை நீண்டது. அதைக் கண்டு பொறுக்காத சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையாக, கனமாக, சரிந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கமும் தட்டையாக, எண்ணெய் சிந்தாத திருகு மூடியோடு ஒரு கண்ணாடி லாம்பை வடிவமைத்தார். அதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஏழை வீட்டு வெளிச்சத்தின் ஆபத்தை ஒரு வைத்தியர் ஒரு போத்தலின் வடிவத்தில் தீர்க்கப் பார்த்தார். குப்பி லாம்பின் இடத்துக்கு வந்திருக்கும் பெட்டரிக்கு அப்படி ஒரு கொடகும்புர இன்னும் பிறக்கவில்லை.

அந்தப் பெட்டரி என்ன செய்யும் என்பதைக் காட்டிய ஊர், கடல் கடந்தாலும் நமக்கு உறவு விடாத தமிழ்நாட்டு வேலூர். 2022 மார்ச் 25ஆம் திகதி இரவு, அங்கே சின்ன அல்லாபுரத்தில் ஒரு வீட்டில் புதிதாக வாங்கிய மின்சார ஸ்கூட்டர் சார்ஜில் போடப்பட்டிருந்தது. எல்லோரும் தூங்கும் நேரத்தில் அது பற்றிக்கொண்டது. தந்தையும் 13 வயது மகளும் நெருப்புக்குப் பயந்து குளியலறைக்குள் ஓடி ஒளிந்தார்கள். நெருப்பு அவர்களைத் தொடவில்லை. புகை தொட்டது. இருவரும் மூச்சுத் திணறி இறந்தார்கள். அடுத்த மாதம் விஜயவாடாவில், கழற்றி எடுத்துவந்து படுக்கையறையில் சார்ஜில் போட்ட ஸ்கூட்டர் பெட்டரி வெடித்து ஒருவர் மாண்டார். செப்டெம்பர் 12ஆம் திகதி செகந்திராபாத்தில் ஓட்டல் கட்டடமொன்றின் கீழ்த்தளத்திலிருந்த மின்சார ஸ்கூட்டர் கடையில் தீப்பிடித்து, மாடிப்படி வழியே புகை மேலேறி, அறைகளில் தங்கியிருந்த எட்டுப் பேரின் உயிரைக் குடித்தது.

ஒரே வருடத்தில் நடந்த இந்தச் சாவுகளில் பெரும்பாலானவை வெந்து செத்த சாவுகள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். வேலூர்ச் செய்தியை ஊவாவின் ஒரு லயத்துக்குள் வைத்துப் பார்த்தால் வயிறு கலங்கும். லயத்து வீட்டுக்குப் பெரும்பாலும் வாசல் ஒன்று. அந்த வாசலுக்கு முன்னால் இஸ்தோப்பு. சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ திருட்டுப் போகாமல் நிறுத்துவது இஸ்தோப்பில்தான். நாளைக்கு மின்சார மோட்டார் சைக்கிள் வந்தாலும் அங்கேதான் நிற்கும், பிளக்கும் அங்கேதான் இழுக்கப்படும். அது பற்றினால் எரிவது வெளியேறும் வழி. பின்பக்கம் அடுத்த வரிசைக்காரனின் சுவர்.

அதோடு முடியவில்லை. வெள்ளைக்காரன் கட்டிய பல பழைய லயங்களில் ஒரே கூரைதான் தலை முதல் வால்வரை ஓடும். இடைச்சுவர்கள் கூரைவரை எழும்பாமல் பாதியில் நிற்கும். பக்கத்துக் காம்பராவில் கருவாடு பொரித்தால் இங்கே வாசம் வருவது இதனால்தான். புகைக்கும் அதே வழி போதும். முதலாம் காம்பராவில் பவர் பேங்க் வெடித்தால் ஆறாம் காம்பராவில் தூங்கும் பிள்ளை அந்தப் புகையைச் சுவாசிக்கும்.

அந்தப் புகை விறகுப் புகை அல்ல. லித்தியம் அயன் பெட்டரியை 1991இல் சோனி நிறுவனம் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னாலிருந்த ஆய்வுக்காக 2019இல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உள்ளே இரண்டு தகடுகள். நடுவே தலைமுடியை விட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் சவ்வு. எல்லாவற்றையும் நனைத்தபடி எளிதில் தீப்பற்றும் ஒரு திரவம். கீழே விழுந்து நசுங்கினாலோ, பொருந்தாத சார்ஜரில் மிதமிஞ்சி ஏற்றினாலோ, தயாரிப்பிலேயே ஒரு தூசு நுழைந்திருந்தாலோ அந்தச் சவ்வு கிழியும். தகடுகள் ஒட்டும். சூடு பிறக்கும். அந்தச் சூட்டில் நடக்கும் வேதிமாற்றம் இன்னும் சூட்டைப் பிறப்பிக்கும். ஒரு செல் பக்கத்துச் செல்லைச் சுடும், அது அடுத்ததைச் சுடும். சரத்தில் ஒரு வெடிக்குத் திரி வைத்தால் மற்றவை தாமாக வெடிப்பதைப் போல. பல வகைப் பெட்டரிகளின் தகடு சூடேறும்போது தானே ஒட்சிசனை விடும். ஆகவே ஈரச் சாக்கைப் போட்டு மூடி மூச்சடைக்க வைக்கும் நமது கைவைத்தியம் இங்கே பலிக்காது. வெளிக்காற்று இல்லாமலே உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும்.

வெளிவரும் வாயுவில் ஐதரசன் இருக்கிறது, காபனோரொட்சைட்டு இருக்கிறது, ஐதரசன் புளோரைட்டு இருக்கிறது. முதலாவது வெடிக்கும். இரண்டாவது தூக்கத்திலேயே கொல்லும். மூன்றாவது ஈரமான இடத்தைத் தேடிப் போய் அமிலமாகும். கண்ணும் தொண்டையும் நுரையீரலுமே அது தேடும் ஈரம்.

எவ்வளவு நேரம் கிடைக்கும்? 2024 ஜூன் 24ஆம் திகதி தென்கொரியாவின் ஹ்வாசொங் நகரில் அரிசெல் என்ற பெட்டரித் தொழிற்சாலையில் அடுக்கி வைத்திருந்த லித்தியம் பெட்டரி ஒன்றிலிருந்து வெண்புகை கிளம்பியது. தொழிலாளர்கள் ஓடவில்லை. பக்கத்திலிருந்த பெட்டிகளை நகர்த்தினார்கள், தீயணைப்பு உருளையை எடுத்து அடித்தார்கள். கண்காணிப்புக் கமெராவின் பதிவின்படி முதற் புகையிலிருந்து தளம் முழுவதும் இருண்டுபோக 42 வினாடிகளே ஆயின. இறந்தவர்கள் 23 பேர். அவர்களில் 18 பேர் வெளிநாட்டவர், பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்து தற்காலிகக் கூலிக்கு நின்றவர்கள். வெளியேறும் வழி எதுவென்றே பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு நாள் முன்னர்தான் அதே தொழிற்சாலையில் ஒரு பெட்டரி பற்றியிருந்தது; ஆட்களே அணைத்துவிட்டார்கள் என்று நிர்வாகம் தீயணைப்புத் துறைக்குச் சொல்லாமல் விட்டது. கூலிக்கு வந்தவனுக்கு வழி காட்டாமல் வேலையை மட்டும் காட்டும் பழக்கம் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

42 வினாடி. பதுளை மாநகர சபையின் தீயணைப்பு வண்டி பற்றிப் பேசுமுன் இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊவா மாகாணம் பதுளை, மொனராகலை என்ற இரண்டு மாவட்டங்கள். பதுளைப் பட்டணம் பள்ளத்தில். தோட்டங்கள் அதைச் சுற்றி நமுனுகுலை, ஸ்பிரிங்வெலி, மடுல்சீமை, லுணுகலை, பூனாகலை, ஹல்துமுல்லை என்று மலைக்கு மலை. வரைபடத்தில் முப்பது கிலோமீற்றர் என்றால் வீதியில் ஒன்றரை மணி நேரம். அதிலும் பிரதான வீதியிலிருந்து லயத்துக்குப் போகும் கல்லடுக்குப் பாதை கொழுந்து லொறிக்கும் டிரக்டருக்கும் போடப்பட்டது. தண்ணீர் நிரப்பிய பவுசர் அந்த வளைவில் திரும்ப வேண்டுமென்றால் சாரதிக்குக் கடவுள் துணை வேண்டும். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தபோது முதலில் இருட்டில் இறங்கியவர்களில் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் இருந்தார்கள். ஊவாவில் அவசரம் என்றால் முதலில் வந்து சேர்வது பக்கத்து வீட்டான். அதைக் குறையாகச் சொல்வதில் பயனில்லை. அவனுக்கு என்ன தெரியும், அவன் கையில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

சட்டமும் இதில் ஒரு பழைய கணக்கை வைத்திருக்கிறது. தீயணைப்பும் தண்ணீரும் தெரு விளக்கும் உள்ளூராட்சி சபைகளின் பொறுப்பு. ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளைப் பொதுச் செலவுக்கு வெளியே நிறுத்தியது. தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்குப் போட்டார்கள், உறுப்பினர்களையும் அனுப்பினார்கள். அந்த உறுப்பினரால் தன் லயத்துக்கு ஒரு பீலி கட்டிக் கொடுக்க முடியவில்லை. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டப்படி தடை நீங்கி வருடங்கள் ஓடிவிட்டன. லயத்துத் தண்ணீர்த் தாங்கியும் தீயணைப்புப் பயிற்சியும் தோட்டக் கம்பனியின் பொறுப்பா, சபையின் பொறுப்பா என்று கேட்டால் இன்றும் இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தைக் கைகாட்டும்.

இனி, பக்கத்து வீட்டானின் கையில் உள்ளதைப் பார்க்கலாம். அது பீலித் தண்ணீர்.

இந்த இடத்தில் ஒரு தப்பெண்ணத்தை உடைக்க வேண்டியிருக்கிறது. லித்தியம் தண்ணீரில் பட்டால் வெடிக்கும் என்று பள்ளிக்கூட விஞ்ஞானம் படித்த எவரும் சொல்வார். தனி உலோகமான லித்தியத்துக்கு அது ஓரளவு உண்மை. மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்ய முடியாத சில வகைப் பெட்டரிகளில் அந்த உலோகம் இருக்கிறது. அரிசெல்லில் எரிந்தவை அந்த வகையே. ஆனால் போன், பவர் பேங்க், ஸ்கூட்டர், கார் ஆகியவற்றில் இருப்பது லித்தியம் அயன். அதற்குத் தண்ணீரே மருந்து. ஊற்றும் தண்ணீர் நெருப்பை அணைப்பதற்கு மட்டுமல்ல, பக்கத்துச் செல்களைக் குளிரவைத்துச் சங்கிலியை அறுப்பதற்காகவும்தான். கடைகளிலும் அலுவலகங்களிலும் தொங்கும் தூள் உருளை சுவாலையை ஒரு கணம் அமுக்கும்; சூட்டைத் தணிக்காது. அமுங்கிய சுவாலை நிமிடத்தில் மறுபடி எழும்.

எவ்வளவு தண்ணீர்? போனுக்கும் பவர் பேங்குக்கும் நாலைந்து வாளி போதும். மின்சாரக் காருக்கு டெஸ்லா நிறுவனம் தீயணைப்பாளர்களுக்குக் கொடுக்கும் கைநூல் 11,000 முதல் 30,000 லீற்றர்வரை என்கிறது. ஒரு தீயணைப்பு வண்டி தன் வயிற்றில் சுமந்துவரும் தண்ணீர் அதில் ஒரு பங்குதான். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டபின் மின்சாரக் கார்கள் எல்லவுக்கும் ஹப்புத்தளைக்கும் சுற்றுலாப் பயணிகளோடு ஏறி இறங்குகின்றன. ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வந்த கார் ஒன்று மலைப்பாதையின் நடுவே பற்றிக்கொண்டால், தண்ணீர் எங்கிருந்து எடுப்பது என்று பதுளையிலோ பண்டாரவளையிலோ யாராவது இப்போதே குறித்து வைத்திருக்க வேண்டும். சில நேரம் சரியான முடிவு அணைக்காமல் எரியவிடுவது. 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மொஸ் லாண்டிங்கில் பிரமாண்டமான பெட்டரிக் களஞ்சியம் எரிந்தபோது தீயணைப்பாளர்கள் தண்ணீரை ஊற்றாமல் ஆயிரத்துக்கு மேற்பட்ட மக்களை அப்புறப்படுத்திவிட்டு விலகி நின்றார்கள். அரிசோனாவில் 2019 ஏப்ரலில் அந்தப் பொறுமை கைகூடவில்லை. சுவாலை தெரியவில்லையென்று களஞ்சியத்தின் கதவைத் திறந்தார்கள், உள்ளே தேங்கியிருந்த வாயு வெடித்துத் தீயணைப்பு வீரர்களையே தூக்கி எறிந்தது.

லயத்துக்கு வருவோம். தலையணைக்குக் கீழே போன் சுடுகிறது, அல்லது மேசையில் பவர் பேங்க் சீறுகிறது. அந்தச் சீறல்தான் எச்சரிக்கை. முதல் வேலை பிள்ளைகளையும் வயசானவர்களையும் வெளியே தள்ளுவது. வாயால் ஒரு கூப்பாடு போட்டு அக்கம்பக்கத்துக் காம்பராக்களையும் எழுப்புவது. பொருளை எடுத்துக்கொண்டு ஓடக்கூடாது, கையிலேயே வெடிக்கும். மெயின் சுவிட்ச் கைக்கெட்டினால் அணைத்துவிட்டு, சின்னப் பொருளாக இருந்தால் எட்ட நின்று தண்ணீரை வீச வேண்டும். ஒரு வாளியோடு நிறுத்தாமல் தொடர்ந்து. அறைக்குள் புகை இறங்கிவிட்டால் வாளியையும் விட்டுவிட்டு வெளியே வர வேண்டும். உள்ளே எது இருந்தாலும் திரும்பிப் போகக்கூடாது. பெட்டிக்குள் இருக்கும் அடையாள அட்டையும், மகளுக்குச் சேர்த்த ஒரு சவரன் நகையும் இந்த விதிக்கு எவ்வளவு பெரிய எதிரிகள் என்பது மலையகத்தாருக்குத் தெரியும். அணைந்துபோன பெட்டரி செத்துவிட்டது என்று எண்ணக்கூடாது. மணிக்கணக்கில், சில சமயம் நாட்கணக்கில் கழித்து அது மறுபடி பற்றும். வீட்டிலிருந்து ஐம்பது அடி தள்ளி, தகரமோ மண்ணோ உள்ள வெட்டவெளியில், தண்ணீர் நிறைந்த வாளிக்குள் போட்டு வைப்பதே நல்லது.

புகையைச் சுவாசித்தவர் விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. இருமினார், கண்ணெரிந்தது, பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டுச் சும்மா இருக்கிறார் என்று படுக்க விட்டுவிடுவார்கள். அந்த அமில வாயு நுரையீரலில் செய்யும் கேடு பல மணிநேரம் கழித்தே மூச்சுத் திணறலாக வெளித்தெரியும். 1990ஐ அழைக்க வேண்டிய நேரம் அந்தச் சும்மா இருக்கும் நேரம்தான். இந்தியாவின் உதவியோடு 2016இல் தொடங்கிய அந்த இலவச அம்புலன்ஸ் சேவை பின்னர் ஊவாவுக்கும் வந்திருக்கிறது; ஆனாலும் நோயாளியைக் கம்பளியில் தூக்கிப் பிரதான வீதிவரை கொண்டுவருவது இன்னும் தோட்டத்து ஆட்களின் தோள்தான்.

தீயில்லாமல் வரும் ஆபத்தும் உண்டு. போன் பெட்டரி அப்பளம் போல் உப்பி, பின்மூடி எழும்பி நிற்கும். அதை ஊசியால் குத்திக் காற்றைப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்று செய்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருப்பது காற்றல்ல, எரியும் வாயு. ஒழுகும் திரவம் கையில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால்மணி நேரமாவது கழுவ வேண்டும். எரிவு நிற்காவிட்டால் அதற்கு கல்சியம் குளுக்கோனேற்று ஜெல் என்றொரு மருந்து உண்டு. தோட்ட மருந்தகத்து அலுமாரியில் அது இருக்கிறதா என்று டிஸ்பென்சர் ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாம். ரிமோட்டிலும் விளையாட்டுச் சாமானிலும் உள்ள பொத்தான் பெட்டரி இன்னொரு தனிக்கதை. பிள்ளை மடுவத்தில் தவழும் குழந்தை அதை விழுங்கினால் இரண்டே மணிநேரத்தில் உணவுக்குழாய் வெந்துபோகும். குழந்தையைக் கக்க வைக்கக் கூடாது, நேரே பதுளை பெரியாஸ்பத்திரிதான். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் நிலையத்தின் இலக்கத்தை மடுவத்துச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டச் செலவு ஒன்றுமில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு லித்தியமே வேண்டாம் என்று யாரும் மண்ணெண்ணெய்க்குத் திரும்பப் போவதில்லை, திரும்பவும் கூடாது. நியூயோர்க் நகரத்தின் கணக்கு இதில் ஒரு வழியைக் காட்டுகிறது. உணவு கொண்டுபோகும் இளைஞர்களின் மின்சாரச் சைக்கிள்களால் அங்கே 2023இல் 268 தீ விபத்துகள் நடந்து 18 பேர் இறந்தார்கள். அந்த வருடம் செப்டெம்பரில், சோதிக்கப்பட்டுச் சான்று பெறாத பெட்டரியை விற்கத் தடை வந்தது. வீட்டுக்கு வெளியே சார்ஜ் செய்ய வசதி செய்து கொடுக்கவும் தொடங்கினார்கள். 2024இல் தீ குறையவில்லை, 277 ஆக இருந்தது. ஆனால் இறந்தவர்கள் 6 பேர். பெட்டரி பற்றுவதை நிறுத்த முடியாமல் போனாலும் அது மனிதன் தூங்கும் அறைக்கு வெளியே பற்றினால் சாவு குறைகிறது. இந்தியாவும் வேலூருக்கும் விஜயவாடாவுக்கும் பிறகு விழித்து, மின்சார வாகனப் பெட்டரிகளுக்கான சோதனைகளை 2022 டிசெம்பரிலிருந்து கட்டங்கட்டமாகக் கடுமையாக்கியது.

சான்று பெற்ற சார்ஜரை வாங்குங்கள் என்று தோட்டத்துப் பெண்ணுக்கு உபதேசம் செய்வது எளிது. 2024இல் 1,350 ரூபாவாக இருந்த நாட்சம்பளம் 2026 வரவு செலவுத் திட்டத்தில் வருகைக் கொடுப்பனவோடு 1,750 ஆகும் என்றார்கள். அதுவும் முழுநாள் வேலையாகக் கணக்கிட்டு முழுப்பெயர் விழுந்தால். அரைநாளாகக் கணக்கிட்டு அரைப்பெயர் விழுந்த நாளில் நடைபாதையில் கூவி விற்கும் சார்ஜர்தான் அவளுக்கு எட்டும். ஆகவே வீட்டுக்கு வெளியே என்ற நியூயோர்க் பாடத்தைத்தான் மலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு லய வரிசைக்கும் ஐம்பது அடி தள்ளி, கல்லால் கட்டி தகரம் போட்ட ஒரு சிறு மடுவம். உள்ளே பூட்டுப் போட்ட கம்பித் தட்டுகள், வெளியே ஒரே சுவிட்ச். பக்கத்தில் ஒரு தாங்கித் தண்ணீர், குழாயோடு. மோட்டார் சைக்கிளும் மருந்தடிக்கும் இயந்திரமும் பெரிய பெட்டரிகளும் இரவில் அங்கேயே தூங்கட்டும். தோட்டத்துத் தேர்த் திருவிழாவுக்கு ஒரு வருடம் கட்டும் சீரியல் பல்புச் செலவில் இப்படி ஒன்றல்ல, இரண்டு கட்டலாம் என்று கணக்குப் பார்த்தால் கோயில் கமிட்டிக்குக் கோபம் வரும். கம்பனி மீதும் பிரதேச சபை மீதும் வர வேண்டிய கோபம் அது.

பயிற்சிக்கு மேடையும் மைக்கும் வேண்டாம். காலைப் பிரட்டுக்களத்தில் ஆட்கள் எப்படியும் கூடுகிறார்கள். பத்து நிமிடம் போதும். பதுளைத் தீயணைப்புப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து பழைய பெட்டரியொன்றை வெட்டவெளியில் பற்றவைத்து, அந்தப் புகையின் நிறத்தையும் வேகத்தையும் காட்டினால், அதற்குப் பிறகு யாரும் பவர் பேங்கைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கமாட்டார்கள். தமிழில் பேசக்கூடிய ஒருவர் வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வெட்கம்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். ஊவாத் தேயிலைக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுப்பது ஜூலை முதல் செப்டெம்பர்வரை வீசும் வறண்ட கச்சான் காற்று. அதே காற்றில்தான் மானாப்புல் மலைகள் பற்றி எரிகின்றன, பீலிகளும் நூலாக மெலிகின்றன. தண்ணீரே மருந்தான ஒரு தீக்குத் தண்ணீர் இல்லாத மாதங்கள் அவை. தாங்கியின் தேவை அப்போது புரியும்.

மழை இன்னொரு விதமாகக் கெடுக்கிறது. மீரியாபெத்தை லயங்கள் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவில் மண்ணுக்குள் போனபோது, 2005லும் 2011லும் கொடுக்கப்பட்ட எச்சரிக்கைகள் காகிதத்திலேயே இருந்தன என்பது வெளியே வந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோரைக் கொன்று, பதுளை மாவட்டத்தின் பல இடங்களை வீதி, ரயில், மின்சாரம், போன் எல்லாவற்றிலிருந்தும் துண்டித்தது. அந்த நாட்களில், சிக்னல் கிடைத்த இடங்களில், சொந்தக்காரன் உயிரோடிருக்கிறானா என்று கேட்க மிஞ்சியிருந்த ஒரே வழி யாரோ ஒருவரின் பவர் பேங்க். சேற்றில் ஊறிய போனையும் சார்ஜ் லாம்பையும் அடுப்பு மேட்டில் காயவைத்து மறுபடி பிளக்கில் கொளுவிப் பார்ப்பது அந்த நிலையில் எவரும் செய்யக்கூடியது. 2022இல் இயன் சூறாவளிக்குப் பின் புளோரிடாவில் உப்புநீரில் முங்கிய மின்சாரக் கார்கள் வெள்ளம் வடிந்து நாட்கள் கழித்துத் தாமாகப் பற்றின. நனைந்த பெட்டரியைக் காய்ந்ததும் நம்பிவிடக் கூடாது என்ற ஒரு வரி, தற்காலிக முகாம்களில் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தில் கொதித்தாறிய நீரைக் குடியுங்கள் என்பதற்குக் கீழே இடம்பெறலாம்.

கெட்டுப்போன பெட்டரி கடைசியில் எங்கே போகிறது? தேயிலைக் கானுக்குள், குப்பை மேட்டுக்குள், சில வேளை விறகோடு சேர்த்து அடுப்புக்குள். மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் உரிமம் பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்பாளர்கள் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களின் வண்டி மலை ஏறி லயத்துக்கு வருவதில்லை. பதுளை பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள போன் திருத்தும் கடைகளில் மேசைக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின் இருக்கும். மாற்றிக் கழற்றிய, உப்பிப்போன பெட்டரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அதில் கிடக்கும். மேலே பிளாஸ்டிக் கூரை, பக்கத்தில் சோல்டர் அயன் சூடாகிக்கொண்டிருக்கும், கடைக்குப் பின்னால் ஒரு குடும்பம் குடியிருக்கும். டின் நிறைந்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் பையன் சிரித்துக்கொண்டே இன்னொரு டின்னைக் காட்டுவான்.